மடியில் மழலை, கீழே வங்கக் கடல்

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கிடக்கும் கடல் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். அதைக் கப்பலில் கடக்க 60 மணி நேரம் வேண்டும். நம்மவருள் மூத்த தலைமுறையினர் பலர் அவ்வாறுதான் இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தனர். அலையின் கொடுமை ஒருபுறம் இருக்க, கப்பலில் குழந்தைக்கு ஒரு சௌகரியம் இருந்தது. புடவையில் தூளி கட்டலாம். அழுதால் மேல்தளத்துக்கு எடுத்துச் சென்று கடலைக் காட்டலாம். இரண்டேகால் மணி நேர விமானப் பிரயாணத்தில் இவ்விரண்டும் இல்லை. காலம் சுருங்கியது, அழுகையை ஆற்றும் இடமும் உடன் சுருங்கிவிட்டது!

நம் வீட்டுக் குழந்தைகளின் முதல் விமானப் பிரயாணம் பெரும்பாலும் குலதெய்வத்தின் சந்நிதியில் முடியிறக்கிக் காது குத்துவதற்காகவே நிகழ்கிறது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை. சொற்பக் கட்டணத்தில் தாயின் மடியிலேயே அமர்ந்து வரலாம். ஆனால் வயதை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிடலாகாது. மடிக்குழந்தையுடைய அக்காளும் தங்கையும் அருகருகே அமர விரும்பினால் விமானத்தார் பெரும்பாலும் இசையமாட்டார்கள். தலைக்கு மேலுள்ள பிராணவாயு முகமூடிகள், ஒரு பக்கத்து வரிசைக்கு ஒன்று மட்டுமே கூடுதலாக அமைந்திருப்பதே காரணம்.

எந்த நேரத்து விமானத்தில் செல்லலாம்? போர்ட் பிளேரில் கதிரவன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே உதித்துவிடுகிறான். கடிகாரமோ இரண்டிடத்தும் ஒன்றே. ஆதலால் தீவில் வளரும் குழந்தை விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து விளையாடத் தொடங்கிவிடும். பத்து, பதினொரு மணிக்குள் மீண்டும் கண் சொக்கும். அந்த உறக்கம் வானத்தில் நிகழுமாறு நேரத்தைத் தெரிந்துகொள்வது அறிவுடைமை. உறங்க வைப்பதற்கென்று சளி மருந்து புகட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. மருத்துவர்கள் அதைத் தகாது என்கின்றனர். சில குழந்தைகளுக்கு அம்மருந்து உறக்கத்தைத் தராமல், அடங்காத பரபரப்பைத் தந்துவிடும்; சிலருக்கு மூச்சையே தளர்த்திவிடக் கூடும்.

இனி, காதுவலி. விமானம் உயரே பறக்கையில் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள மலைமேல் நிற்பவருக்கு இருப்பது போன்றது. அதாவது நம் ஊட்டியின் உயரத்துக்குச் சற்றே குறைவு. கீழிறங்கும்போது வெளி அழுத்தம் ஏறுகிறது. செவிப்பறைக்கு உட்புறம் உள்ள காற்று அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் சிறு குழல் திறந்தால்தான் அது இயலும். குழந்தைக்கு அக்குழல் குறுகியது, படுக்கையாகவும் அமைந்தது, எளிதில் திறப்பதில்லை. நாம் எச்சிலை விழுங்கித் திறந்துகொள்கிறோம். குழந்தைக்கு அது தெரியாது. எனவே பாலோ நீரோ புகட்ட வேண்டும். ஏறும்போதே எல்லாவற்றையும் குடிக்கக் கொடுத்துவிட்டு, வலி மிகும் இறக்கத்தின்போது வெறும் புட்டியோடு நிற்கும் தாய்மார்கள் பலர். தரையைத் தொடுவதற்கு அரைமணி முன்னதாகவே இறக்கம் தொடங்கிவிடும். அப்போது உறங்கும் குழந்தையையும் மெல்ல எழுப்பிப் பருகச் செய்வது நலம். சளியோ செவிநோயோ இருப்பின், புறப்படுமுன் மருத்துவரைக் கண்டுவிட வேண்டும்.

பால் எவ்வளவு கொண்டுபோவது? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புட்டி என்று கணக்கிடுவது மற்ற ஊர்களுக்குப் பொருந்தும். நம் ஊருக்குப் பொருந்தாது. வீர சாவர்க்கர் விமான நிலையத்தில், 2023 ஜூலையில் சிப்பி வடிவப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ஆயினும் ஓடுதளம் கடற்படையோடு பகிர்ந்துகொள்ளும் பழைய ஒற்றை ஓடுதளமே. அதன் ஒரு முனையில் குன்று நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கனத்து வீசும் நாளில், விமானம் தீவுக்கு மேல் வட்டமிட்டுவிட்டு வந்த வழியே சென்னைக்குத் திரும்புவதுண்டு. அருகில் இறங்க வேறு நகரம் ஏது? ஒரு ஜூன் மாதத்தில் யான் சென்ற விமானமும் அவ்வாறு திரும்பிற்று. ஏறியது முதல் இறங்கும்வரை ஐந்து மணி நேரம். பின்வரிசையில் ஓர் இளந்தாய், தனியாக, ஒன்றரை வயது மகனோடு வந்திருந்தாள். கொண்டுவந்த பால் தீர்ந்துவிட்டது. குழந்தை அழுத அழுகையில் அவளும் அழத் தொடங்கிவிட்டாள். முகத்தைச் சுளித்தவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பானேன்? பக்கத்திலிருந்த ஒரு பாட்டியம்மாள், "கொடும்மா, நான் வச்சிக்கிறேன்; நீ கொஞ்சம் தண்ணி குடி" என்று குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, தம் பையிலிருந்த ரஸ்க்கை நீரில் நனைத்து ஊட்டினார். சென்னையில் இறங்கும் வரையில் அவன் அந்தத் தோளை விட்டு இறங்கவில்லை.

ஆகவே பால், மாற்றுடை, அணையாடை அனைத்தும் இரட்டிப்பாக இருக்கட்டும். குழந்தைக்குரிய பாலைக் காவல் சோதனையில் தடுப்பதில்லை; திறந்து காட்டச் சொன்னால் காட்டினால் போதும். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில், 1964 ஒப்பந்தத்தையொட்டி இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தாருக்கு இது மும்மடங்காதல் வேண்டும். விமானத்துக்கு முன்னே அவர்களுக்குக் கப்பல் ஒன்று காத்திருக்கிறதே!

ஊரிலுள்ள தாத்தாவுக்கென்று தீவுக் கொப்பரையைப் பெட்டியில் வைத்து அடைக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய்ச்சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றும் பொருளாகையால் அதைப் பெட்டியில் ஏற்றுவதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்று, பெட்டியைப் பிரித்துக் கொப்பரையை எடுத்துப்போடும் காட்சி அங்கே அன்றாடம் காணக் கிடைப்பது.