கணிப்பொறியும் கணக்குப் பேரேடும்

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி

செட்டிநாடு என்றவுடன் வெளியூராரின் நினைவுக்கு வருவன நெடிய வளவுகளும், தேக்குத் தூண்களும், ஆத்தங்குடிக் கற்களும், காரசாரமான சமையலுமே ஆகும். இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். அதுதான் கணக்கு. கடல் கடந்து இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் பணியாளரை வரிசைப்படுத்தினர். அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டி ஊருக்கு அனுப்பினர். கடலுக்கு அப்பாலிருந்த பணத்தைக் காரைக்குடியில் இருந்தபடியே நம்ப முடிந்தது அந்தத் தாள்களால்தான். யார் பெயரில் எவ்வளவு என்பதில் ஐயம் எழாதபடி எழுதுவதே கணக்கின் முதல் இலக்கணம்.

அத்தகைய வளவுகளின் திண்ணையில் அமர்ந்து கணக்கெழுதிய பரம்பரை அன்று எங்களுடையது. அவற்றுக்குச் செங்கல் சுமந்த பரம்பரை. தாத்தா கைநாட்டு. தந்தையார் ஐந்தாம் வகுப்போடு கொத்து வேலைக்குப் போனவர். கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான் என்று எழுதும்போது, அந்தத் திண்ணையில் நாங்கள் இருந்ததே இல்லை என்பதையும் திருத்திச் சொல்லிவிட வேண்டும்; அந்தப் பக்கத்தைக் கடந்து போனவர்கள் மட்டுமே நாங்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணிடம் சென்ற ஆண்டு ஒரு கணக்கைத் தாளில் ஏற்றித் தரும் பொறுப்பு வந்தது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

பன்னிரண்டு பேரின் பணம்

என் தாயார் பனையோலைக் கொட்டான் முடைபவர். அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு சுய உதவிக் குழுவாக இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஈடாகக் காட்ட நகையோ நிலமோ இல்லாத பெண்களுக்கு, ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கே ஈடு என்பதுதான் அத்திட்டத்தின் உயிர்நாடி.

எங்கள் குழுவின் கணக்கை ஓர் அக்காள் கணிப்பொறியில் எழுதி வந்தார். திருமணமாகி அவர் வெளியூர் சென்றுவிட்டார். எண்களில் ஒரு ரூபாய் கூடப் பிசகு இல்லை. அந்த ஆண்டு முகூர்த்தக் காலத்திற்குத் தாம்பூலக் கொட்டான் கேட்டு நிறைய வேலை வந்திருந்தது. ஓலை வாங்கக் கடன் வேண்டும். ஆண்டுக் கணக்கை அச்சிட்டு, ஒவ்வொரு தாளிலும் உறுப்பினர் அனைவரும் கையொப்பமிட்டு, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

தலைவியாக இருக்கும் அயித்தை அந்தக் கோப்பைக் கடையொன்றில் கொடுத்து அச்சடித்து வந்தார். ஏழு தாள்கள் வந்தன. முதல் தாளில் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. அடுத்த ஐந்து தாள்களில் அதுவும் இல்லை, வெறும் எண்கள். ஏழாவது தாளில் ஒரே ஒரு புள்ளி.

குழுவில் மூத்தவரான பெரியாத்தா புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். 1991இல் அங்கே நடந்த அறிவொளி இயக்கத்தில் தம் பெயரை எழுதக் கற்றவர். வேறு எதுவும் படிக்கத் தெரியாது. ஆனால் தம் பெயரை எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வார். தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இதுல எம்பேரு எங்க தாயி இருக்கு? பேரே இல்லாத கடுதாசியில நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

கூட்டத்தில் சிலர், "எல்லாரும் போடுறோம்ல, நீயும் போடு பெரியாத்தா" என்றனர். அவர் பேனாவைத் தொடவில்லை. அவர் செய்ததே சரி என்று எனக்குப் பட்டது. பெயரற்ற எண்ணுக்குக் கீழே கையொப்பம் கேட்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலங்காலமாக இழைக்கப்பட்டு வந்த தீங்கல்லவா?

ஒரு நேரத்தில் ஒன்று

பக்கத்து வீட்டு அக்காளுக்குப் பள்ளியில் படிக்கும்போது கிடைத்த அரசு மடிக்கணினி இருந்தது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் வழங்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. அதில் லிப்ரெ ஆபீஸ் என்னும் திறமூல மென்பொருள் இருந்தது. அதன் விரிதாள் பகுதிக்குக் கால்க் என்று பெயர். கோப்பை அதில் திறந்துகொண்டு அமர்ந்தேன்.

நம் ஆய்வுக்கூடத்தில் மின்னழுத்தமானிச் சோதனை செய்யும்போது முள் ஒரே பக்கமாக விலகினால், எல்லாக் கம்பிகளையும் ஒருசேரப் பிடுங்கக் கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஒன்றை மாற்று, பார், பிறகு அடுத்ததை மாற்று என்பதே விதி. அதே விதியை இங்கும் கைக்கொண்டேன்.

முதலாவது, தாளின் அளவு. கோப்பில் லெட்டர் என்னும் அமெரிக்கத் தாள் குறிக்கப்பட்டிருந்தது. அது 215.9 மில்லிமீட்டர் அகலமும் 279.4 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. நம் கடைகளில் இருப்பதோ 210க்கு 297 அளவுள்ள ஏ4. கடையில் அச்சுப்பொறி விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றுவிட்டது என்று அயித்தை சொன்னதற்கு இதுவே காரணம். இல்லாத தாளுக்காக அது காத்திருந்திருக்கிறது. பார்மட் பட்டியலில் உள்ள பேஜ் ஸ்டைல் பகுதியில் ஏ4 என்றும், கிடைவாக்கு என்றும் மாற்றினேன்.

இரண்டாவது, அந்த ஒற்றைப் புள்ளி. கன்ட்ரோல் விசையோடு எண்டு விசையை அழுத்தினால் சுட்டி, பயன்பாட்டில் உள்ள கடைசிக் கட்டத்துக்குப் போகும். அது இருநூறாவது வரிசைக்குப் போய் நின்றது. அங்கே யாரோ எப்போதோ தட்டிய புள்ளி ஒன்று கிடந்தது. அச்சிட வேண்டிய பரப்பு எதுவென்று நாம் சொல்லாவிட்டால், எழுத்துள்ள கட்டம் ஒவ்வொன்றையும் அச்சிட வேண்டியதாகவே கால்க் எடுத்துக்கொள்கிறது. புள்ளியை நீக்கினேன். பிறகு கணக்குப் பகுதியை மட்டும் தெரிவு செய்து, பிரிண்ட் ரேஞ்சஸ் என்பதில் டிபைன் கொடுத்து எல்லை கட்டினேன்.

மூன்றாவது, அகலம். வரிசை எண், பெயர், மாதத்துக்குச் சேமிப்பு, தவணை, வட்டி என மூன்று வீதம் 36, இறுதியில் கூட்டுத்தொகை மூன்று என மொத்தம் 41 பத்திகள். நெட்டுவாக்குத் தாளில் அவை ஆறு துண்டுகளாக வெட்டுப்பட்டிருந்தன. மே மாதத்துச் சேமிப்பும் தவணையும் முதல் தாளில். அதே மாதத்து வட்டி இரண்டாம் தாளில். வியூ பட்டியலில் பேஜ் பிரேக் என்பதைத் தெரிவு செய்தால் வெட்டு விழும் இடங்கள் நீலக் கோடுகளாகத் தெரியும். அச்சிட்டுப் பார்த்துக் காசைத் தொலைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் சுருக்கி ஒரே தாளில் அடக்கும் வசதியும் உண்டு. ஆனால் கிடைவாக்கு ஏ4 தாளில் இருபுறமும் இரண்டு சென்டிமீட்டர் ஓரம் போக மிஞ்சுவது 257 மில்லிமீட்டர். 41 பத்திக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆறு மில்லிமீட்டர் சொச்சம். பெரியாத்தாவின் கண்ணுக்கு அது எறும்புச் சாரையாகத்தான் தெரியும். ஆகவே காலாண்டுக்கு ஒரு தாள் என்று நான்கு தாள்களாக வகுத்தேன். பத்திகளின் அகலத்தைக் குறைத்து, ஷீட் பட்டியலில் உள்ள இன்சர்ட் பேஜ் பிரேக் வழியாக, மூன்று மாதங்களுக்கு ஒரு வெட்டு வைத்தேன்.

நான்காவதே தலையாயது. நான்கு தாளிலும் பெயர் வர வேண்டும். பிரிண்ட் ரேஞ்சஸ் பகுதியில் எடிட் என்பதைத் திறந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வர வேண்டிய வரிசைகள் எவை, பத்திகள் எவை என்று கேட்கும் இரண்டு இடங்கள் உள்ளன. பெயருக்கு அடுத்துக் கையொப்பத்துக்கென வெற்றுப் பத்தி ஒன்றைச் சேர்த்து, முதல் மூன்று பத்திகளும் திரும்ப வருமாறு குறித்தேன். பிரிண்ட் பிரிவியூவில் பார்த்தபோது நான்கு தாளிலும் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். திரையில் தெரியும் கட்டக் கோடுகள் தாமாக அச்சில் வாரா. பேஜ் ஸ்டைலின் ஷீட் பகுதியில் கிரிட் என்பதையும் குறித்துவிட்டேன்.

ஐந்தாவது, எழுத்து. பெயர்கள் பழைய பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரையும் ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் முகமூடி கழன்று ஆங்கிலமே தெரியும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. அம்முறையில் தமிழ் எழுத்துக்குத் தனி எண் உண்டு; வேறு கணிப்பொறிக்குப் போனாலும் அது தமிழ் எழுத்தாகவே இருக்கும். பன்னிரண்டு பெயர்களையும் யூனிகோடில் மீண்டும் அடித்தேன். கடைசியாகக் கோப்பைப் பி.டி.எப். ஆக மாற்றினேன். அதில் எழுத்துருவும் பக்க அமைப்பும் உடன் சேர்ந்தே போவதால், கடைக்காரர் எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் கவலையில்லை.

வியாழக்கிழமை மாலை நான்கு தாள்கள் வந்தன. பெரியாத்தா விரலை வைத்துக்கொண்டே இறங்கி ஏழாவது வரிசையில் நின்றார். "இந்தா இருக்குல்ல" என்றார். நான்கு தாளிலும் தேடிப் பார்த்த பிறகே கையொப்பமிட்டார். மறுநாள் கணக்கு வங்கிக்குப் போயிற்று. அடுத்த மாதம் ஓலையும் வந்தது. தமக்கொரு நகல் வேண்டுமென்று கேட்டு வாங்கி, பெரியாத்தா அதைத் தம் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

யார் கொடுத்த கருவி?

நான் ஒரு காசும் கொடுக்காமல் பயன்படுத்திய இம்மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் படித்தேன். செருமனி நாட்டின் ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனம் ஆக்கிய ஸ்டார் ஆபீஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000இல் அதன் மூலநிரல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டு ஓப்பன் ஆபீஸ் ஆயிற்று. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனபோது, அதை உருவாக்கி வந்தவர்களில் பலர் பிரிந்து, டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பின் வழியே லிப்ரெ ஆபீஸைத் தொடங்கினர். முகம் தெரியாத பலர் இன்றும் அதைச் செப்பனிட்டு வருகிறார்கள். தமிழிலேயே அதன் பட்டியல்களைப் படிக்கும்படி மொழிபெயர்த்துத் தந்தவர்களும் உண்டு. ஊர்ப் பொதுக் கிணற்றைத் தூர் வாரிவிட்டுப் பெயர் சொல்லாமல் போகிறவர்களைப் போன்றவர்கள் அவர்கள். அந்தக் கிணற்று நீரை நாம் குடிக்கிறோம். நம் பங்குக்கு ஒரு கூடைச் சேறாவது அள்ள வேண்டாமா?

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டம் வாங்கிய பின்தான் ஊருக்குப் பயன்படுவோம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் தாய்மார் சேர்ந்திருக்கும் குழுக்களின் கணக்கு எந்த எழுத்துருவில் இருக்கிறது, அச்சிட்டால் எல்லாத் தாளிலும் பெயர் வருகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வரலாம். நம் பேராசிரியர்கள் மனம் வைத்தால், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு இதையும் ஒரு பணியாகச் சேர்க்கலாம். தாளின் அளவு, அச்சுப் பரப்பு, வெட்டு விழும் இடம், திரும்ப வரும் தலைப்பு, எழுத்துரு என்ற ஐந்தையும் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும்.

கடல் கடந்த கணக்கையெல்லாம் பிசகின்றி எழுதிய மண் இது. இந்த மண்ணில் கொட்டான் முடையும் பெண்ணின் கணக்கிலும், ஒவ்வொரு தாளிலும் அவள் பெயர் தெளிவாக நிற்கட்டும். கற்றவர்கள் செய்யக்கூடிய சிறு தொண்டு அது; செய்வோம், வாரீர்!