ஆட வேண்டிய டிஸ்க்

மெதுவாகப் போய் வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கினால், சக்கரத்துக்குள் யாரோ சில்லறையைக் குலுக்குவது போல ஓசை. பிரேக்கில் லேசாகக் கால் வைத்ததும் அடங்கிவிடும். பெங்களூரில் பழைய போர்ஷே 911 வைத்திருக்கும் ஒருவருக்கு இந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. வண்டியோடு வந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பந்தயக் கார் பாணியில் மிதக்கும் டிஸ்க் போட்டதிலிருந்து வந்த வினை. அவருடைய மெக்கானிக் கோலார் தங்கவயல்காரர். நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பெருங்கூட்டத்தில் ஒருவர். முன்சக்கர டிஸ்க் இரண்டையும் கோணிப்பையில் கட்டி, பாலகாட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் தன் மாமாவிடம் கொண்டுபோனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

பாலகாட் என்பது தங்கவயலின் வடகோடியில் இருந்த சுரங்கத்தின் பெயர். 1880இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றும் சுற்றுவட்டாரமெங்கும். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் பட்டறையில் டர்னராக இருந்த மாமாவும் வெளியே வந்தார். இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். ஆட்களை ஏற்றி இறக்கிய கூண்டு வைண்டிங் எஞ்சினின் பிரேக்கை நம்பித்தான் தொங்கியது. அதற்கு உதிரி கடைந்த கைக்கு ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டு மலைப்பு ஒன்றுமில்லை.

கோணியைப் பிரித்ததும் அவர் அளவுகோலைத் தேடவில்லை. டிஸ்க்கை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகையால் ஓரத்தைத் தட்டி, காதைக் கொடுத்தார். வெளியே வார்ப்பிரும்பு வளையம், நடுவில் அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பில் பத்துக் காடிகள். ஒவ்வொரு காடிக்குள்ளும் பாபின் என்கிற எஃகுக் கட்டை, வளையத்தோடு போல்ட் போட்டு இறுக்கியது.

இப்படி இரண்டு துண்டாகச் செய்வதற்குக் காரணம் சூடு. 300 மில்லிமீட்டர் வளையம் 400 டிகிரி சூடேறினால் விட்டத்தில் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் விரியும். அவ்வளவு சூடேறாத கிண்ணத்தோடு அது ஒட்டிக்கிடந்தால் விரிய இடமில்லாமல் குடைபோல வளையும். பிரேக் மிதி காலில் துடிக்கும். பாபின் காடிக்குள் நகர்ந்தால் வளையம் தட்டையாகவே விரியும். ஆக, ஆட்டம் என்பது இங்கே குறையல்ல, வேலையே அதுதான். அந்த ஆட்டத்தில் சத்தம் வராமல் இருக்கத்தான் ஒவ்வொரு பாபினிலும் வில் வாஷர் இருக்கிறது. வாஷர் சப்பையாகி, எஃகு அடித்து அடித்து அலுமினியக் காடியும் அகன்றுவிட்டால் பத்தும் சேர்ந்து பாடும்.

“அங்கங்கே வெல்டு வச்சுட்டா சத்தம் நின்னுடும்னு ஒருத்தர் சொன்னாராம், மாமா.”

“நின்னுடும்டா. பிரேக்கும் நின்னுடும்.”

கிரீஸ் தடவுவதும் அதே ரகம்தான் என்றார். தூசியைப் பிடித்து இறுகும், சூட்டில் உருகி பிரேக் பேடில் ஏறும்.

பிரேக்குக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவு பழையது. பிரெடரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1902இல். சிவனசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்த அதே ஆண்டு. லான்செஸ்டரின் தாமிர பேடுகள் போட்ட கூச்சலைச் சகிக்க முடியவில்லை. பின்னர் ஹெர்பர்ட் ஃப்ரூட் பேடில் ஆஸ்பெஸ்டாஸ் உறை போட்டுச் சத்தத்தை அடக்கினார். சத்தம் அடங்கியது, தூசி பல மெக்கானிக்குகளின் நெஞ்சில் இறங்கியது. பாபின் இடுக்கில் அப்பியிருந்த கரும்பொடியை மருமகன் காற்றுக்குழாயால் ஊதப் போனதும் மாமா அதட்டினார். ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். கல்தூசி தின்ற நுரையீரலோடு சுரங்கத்தைவிட்டு வந்தவர்கள் வாழ்ந்த ஊரில் அந்த அதட்டலுக்கு விளக்கம் கேட்கத் தேவையில்லை.

வேலை நிதானமாக நடந்தது. தேய்ந்த காடிகளை மில்லிங் மெஷினில் ஒரே அளவுக்கு அகலப்படுத்தி, அதற்கேற்ற பருமனில் இஎன் 24 எஃகில் புது பாபின்கள். காடி மூலையைக் கூராக விடாமல் உருட்டினார்; கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். ஃபீலர் கேஜ் தகடு ஒன்று பிடிப்போடு நுழையும்வரை பாபினைத் தேய்ப்பதும் போட்டுப் பார்ப்பதும்தான் அன்று மதியம் முழுக்க. புது வில் வாஷர் போட்டுப் பூட்டியபின் மறுபடி தட்டினார். சத்தம் இருந்தது, ஆனால் தணிவாக, ஒரே குரலில்.

“இன்னும் வருதே, மாமா?”

“வரணும்டா. வரவே கூடாதுன்னா ஒரே பீஸ் டிஸ்க்கு போட்டுக்கச் சொல்லு.”

அதுதான் சரியான யோசனை என்று எனக்கும் பட்டது. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நகரும் காருக்குப் பந்தயத் தடத்தின் டிஸ்க் எதற்கு? அழகுக்குத்தான். துளையிட்ட வளையம் சக்கரத்தின் இடுக்கில் பளபளப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது டிஸ்க்கில் கை வைக்குமுன் கிண்ணத்தைக் கழுவி, சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடித்தார். சற்று நேரத்தில் ஒரு காடியின் மூலையிலிருந்து மயிரிழையளவு சிவப்புக் கோடு எழுந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெஷினை நிறுத்தினார்.

மருமகன் உரிமையாளருக்குப் போன் போட்டார். ஆர்கான் வெல்டிங் தாங்காதா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மாமா தலையை ஆட்டி மறுத்தார். புதுக் கிண்ணம் வெளிநாட்டிலிருந்து வர நாளாகும். அதுவரை வண்டியோடு வந்த பழைய டிஸ்க்கையே மாட்டி ஓட்டட்டும் என்றார். முடித்த வேலைக்கு மட்டும் கூலி சொன்னார். விரிசல் விட்ட கிண்ணத்தை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற சந்தேகமோ என்னவோ, அதன் மேல் சுத்தியலும் உளியும் வைத்து ஆழமாக ஒரு பெருக்கல் குறி போட்டுத்தான் கோணியில் திருப்பிக் கொடுத்தார்.