ஆசனம் மாறட்டும், தூரம் குறைய வேண்டா

படகு வலிப்பவரின் பலமெல்லாம் தோளிலே உள்ளது என்று கரையில் நின்று பார்ப்போர் எண்ணுவர். போட்டிப் படகிலோ பெரும்பாடு கால்களுக்கே உரியது. அங்கே ஆசனம் சிறு சில்லுகளின்மேல் முன்னும் பின்னும் ஓடும். வலிப்பவர் முழங்காலை மடக்கி முன்னே வந்து, பாதப்பலகையை உதைத்துப் பின்னே செல்வார். அந்த உதையே முதுகின் வழியாகக் கைகளுக்கும், கைகளின் வழியாகத் துடுப்புக்கும் சென்று சேர்கின்றது. கால் இயங்காதவர் யாது செய்வார்?

இவ்வினாவை நம்முள் எழுப்பியவர் நம் அயலவர் ஒருவர். கடனீரேரியில் மீன்பிடித்து வாழ்ந்த அவர், போரிலே இரு கால்களையும் இழந்தார். உற்றார், “இனி வள்ளம் எதற்கு?” என்று அவரைக் கேளாமலே அதனை விற்றுவிட்டனர். கால் போனதிலும் வள்ளம் போனதே தமக்குப் பெருந்துயர் என்று அவர் சொல்லக் கேட்டோம்.

சில காலத்தின் பின், உடற்பயிற்சிக்கூடமொன்றில் படகு வலிக்கும் பொறியின் ஆசனத்தை அசையாதவாறு கட்டுவித்து, கால்களை உதைக்காமல் இழுத்துப் பார்த்தோம். இருபது இழுவைகளுக்குள் தோள்கள் கனத்தன. ஆயினும் பொறி சுழன்றது.

மாற்றுத்திறனாளிகளின் படகோட்டப் போட்டியிலே மூன்று பிரிவுகள் உள. காலின் வலு ஓரளவேனும் உடையோர்க்கு ஓடும் ஆசனம். கால்களால் உதைக்க இயலாவிடினும் உடலை முன்னும் பின்னும் வளைக்கக் கூடியோர்க்கு நிலையான ஆசனம். நம் அயலவர் போன்றோர்க்கு ஏற்றது இதுவே. தோளும் கையும் மட்டுமே இயங்குவோர்க்கு நிலையான ஆசனத்துடன் முதுகுச்சாய்வும், மார்பை அதனோடு பிணைக்கும் பட்டையும் உண்டு. உடல் சரியாமல் தாங்குவது அப்பட்டையே. படகு கவிழ்ந்தால் அதுவே எமனாகவும் கூடும். ஆதலின் அதன் அகலம் 50 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. உலோகக் கொளுவி ஆகாது. வலிப்பவர் தாமே உடனே கழற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இப்பிரிவினரின் படகுக்கு இருபுறமும் மிதவைகள் பூட்டப்படும்.

இவை சலுகைகள் என்பாரும் உளர். ஓடும் ஆசனம் மட்டும் இயற்கையில் விளைந்ததா? 1873ஆம் ஆண்டிலேதான் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியில் இரு அணியினரும் அதனைப் பயன்படுத்தினர். கால்வலுவுடையோர்க்கு ஆசனத்தை ஓடவிட்டது போன்றதே, அவ்வலு இல்லாதார்க்கு அதனை நிறுத்திப் பூட்டுவதும். நம் நாட்டுத் தென்கரை மீனவர் தோணியின் பக்கத்தே மிதவை மரம் பிணைக்கின்றனர். அதற்காக அவரை எவரும் இளக்காரமாய்ப் பார்ப்பதில்லை.

பார்வையிழந்தோரும் நால்வர் வலிக்கும் படகில் இடம்பெறுகின்றனர். இதில் வியப்பென்ன? அப்படகில் வலிப்போர் அனைவருமே செல்லும் திசைக்கு முதுகுகாட்டி அமர்பவர்கள். சுக்கான் பிடிப்பவரின் குரலை நம்பியே செல்பவர்கள்.

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் பராலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றபோது தூரம் 1000 மீற்றர். ஒலிம்பிக் படகோட்டிகளுக்கோ 2000 மீற்றர். 2017 முதல் இவர்களுக்கும் 2000 மீற்றரே ஆயிற்று. 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற பராலிம்பிக்கிலே, தோளும் கையும் மட்டும் இயங்குவோர் பிரிவில் நம் நாட்டு மகேஷ் ஜயகொடி அந்த முழுத் தூரத்திற்கே போட்டியிட்டார்.

வீட்டில் ஒருவர் உடல் தளர்ந்தால், அன்பின் மிகுதியால் அவர் செல்லவேண்டிய தூரத்தை நாமே பாதியாக வெட்டிவிடுகின்றோம். முதலில் ஆசனத்தைக் கவனிப்போம். எதனைப் பூட்டுவது, எங்கே பட்டையிடுவது என்று அவரிடமே கேட்டறிவோம். எவ்வளவு தூரம் செல்வதென்பதை அவரே தீர்மானிக்கட்டும்.