அண்ணன் பங்கு

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், "அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வருகிறார். இத்தனை வருஷம் நான் உழுத நிலத்தில் பாதியைக் கொடுத்தாக வேண்டுமா?" என்று கேட்டிருந்தார். சட்டப்படியான பதிலை வழக்கறிஞர் சொல்லிவிட்டார். நான் அந்த அண்ணன் இடத்தில் இருந்தவன். என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. பீரங்கிப் படையில் 34 வருஷம் இருந்துவிட்டு, 56 வயதில் பிரிகேடியராக வெளியே வந்தேன். அந்தப் பதவிக்கு அதுதான் ஓய்வு வயது. கர்னலுக்கு 54. சிப்பாய்களில் பலர் நாற்பதை ஒட்டியே ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

சின்ன வயதில் எனக்குப் படை ஆசை வந்ததற்குப் பக்கத்து ஊரான குமாரமங்கலம்தான் காரணம். அந்த ஜமீன் குடும்பத்து ஜெனரல் பி.பி. குமாரமங்கலமும் பீரங்கிப் படைக்காரர். சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். 1933-ல் அதிகாரியானவர், இரண்டாம் உலகப் போரில் லிபியாவில் பிடிபட்டு, சிறையிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டார். 1966 முதல் 1969 வரை தலைமைத் தளபதி. நாதுலாவில் சீனப் படையோடு மோதல் நடந்த 1967-ல் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். ஓய்வுபெற்றபோது அவருக்கு 56 வயதுகூட நிறையவில்லை. சீருடையில் 36 வருஷம். அதன்பின் 2000-ல் காலமாகும்வரை ஏறக்குறைய 31 வருஷம். வனவிலங்குப் பாதுகாப்பு, விளையாட்டு என்று அந்தக் காலத்தையும் பொதுவேலையில் கழித்தார்.

அவர் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் இருந்தது மூன்று ஏக்கர், ஒரு கிணறு.

மனைவியின் சிகிச்சைக்காக நாங்கள் சென்னை கோபாலபுரத்தில் குடியிருக்கிறோம். காலையில் திடலைச் சுற்றி நடக்கும்போது "பிரிகேடியர் சார்" என்பார்கள். ஊருக்குப் போனால் நான் மிலிட்டரிக்காரர் மட்டும்தான். ஓய்வுக்குப் பிறகு முதல்முறை போனபோது, பாகம் பிரித்துக்கொள்ளச் சொல்லி உறவுக்காரர்கள் காதைக் கடித்தார்கள். அது தம்பிக்கும் எட்டியிருக்கிறது. ராத்திரி திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, நீங்க எப்பச் சொன்னாலும் அளந்து கல்லு நட்டுடலாம்" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா இறந்தபோது நான் சிக்கிம் எல்லையில் இருந்தேன். பனியில் பாதை அடைத்திருந்தது. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பிதான் வைத்தான். அம்மாவைக் கடைசிவரை பார்த்தவனும் அவன். கிணறு வற்றியதும் கடன் வாங்கி இரண்டு முறை போர் போட்டான். முதல் குழியில் புகைதான் வந்தது. நானும் பணம் அனுப்பியிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன். மரவள்ளிக் கிழங்கு விலை விழுந்தால் அவனுக்கு என்ன இருக்கிறது? மத்திய அரசு வருஷத்துக்குத் தரும் 6,000 ரூபாய் விவசாய உதவித்தொகை. (மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அது கிடையாது, அதுதான் நியாயமும்.)

என் ஒன்றரை ஏக்கரில் வீட்டை ஒட்டிய 50 சென்ட் மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைத் தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுத்தேன். வாய்வார்த்தையாக விட்டிருந்தால் நாளைக்கு எங்கள் பிள்ளைகள் கோர்ட்டில் நிற்பார்கள். பதிவு முடிந்த கையோடு பட்டாவையும் மாற்றினோம். எங்களுக்கு அக்கா தங்கை இல்லை. இருக்கிற குடும்பங்களில் அவர்களுக்கும் பங்கு உண்டு, அவர்களைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

இந்தக் கணக்கை எல்லா ராணுவ வீட்டுக்கும் போட முடியாது. 2022-க்குப் பிறகு அக்னிவீரராகச் சேரும் பையன்களில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் நாலு வருஷத்தில் மொத்தமாக ஒரு தொகையோடு திரும்புவார்கள், பென்ஷன் கிடையாது. அப்படி வருகிற தம்பியிடமோ அண்ணனிடமோ, "நீதான் மிலிட்டரியில் சம்பாதித்தாயே, எழுதிக் கொடு" என்று யாரும் பத்திரத்தை நீட்ட வேண்டாம். அவனுக்கு அந்த ஒன்றரை ஏக்கர் வேண்டும்.