எப்போது மிஸ்ஸிங் அடிக்கிறது?

ஒற்றை சிலிண்டர் புல்லட்டில் மிஸ்ஸிங் வந்தால் உடம்புக்கே தெரிந்துவிடும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் எரியும். 3000 ஆர்.பி.எம்மில் அது நொடிக்கு 25 முறை. அதில் ஒன்றிரண்டு தவறினாலே வண்டி வெட்டும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய்ப் பட்டென்று வெடிக்கும்.

சத்தம் கேட்டதும் பல பட்டறைகளில் முதலில் பிளக்கை மாற்றுவார்கள். அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள், அப்புறம் காயில். என் மாமாவின் பழைய 350 சி.சி. வண்டிக்கும் இதெல்லாம் நடந்தது. செஞ்சியில் கிளம்பும்போது ஒழுங்காக ஓடும். திருவண்ணாமலை நெருங்கும்போது திக்கும். ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

கடைசியாகப் பார்த்த மெக்கானிக் ஸ்பானரைத் தொடவில்லை. "சூடானப்புறம் அடிக்குதாண்ணே, கிளம்பும்போதேவா? மேடு ஏறுனா ஜாஸ்தியாகுதா? மழையில எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்பேன். மழையில் மட்டும் வந்தால் பிளக் கேப்பிலோ ஒயரிலோ கரண்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இருட்டில் ஓடவிட்டால் நீலப் பொறி தாவுவது தெரியும். கொஞ்ச தூரம் ஓடி நின்றுபோய், டேங்க் மூடியைத் திறந்ததும் காற்றை உறிஞ்சிக்கொண்டு சரியானால் மூடியின் காற்றுத்துளையில் அடைப்பு. நின்றவுடன் கழற்றிய பிளக் நனைந்திருந்தால் பொறியைத் தேடு, காய்ந்திருந்தால் பெட்ரோலைத் தேடு.

மாமாவின் வண்டி மூடியைத் தளர்த்தி ஓட்டியும் திக்கியது. பிளக் ஈரமாக இருந்தது. இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக், காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் மூடியைக் கழற்றினார். பாயின்ட்டுகளுக்கு நடுவே பளீரென்று பொறி பறந்தது. பாயின்ட் விலகும் கணத்தில் கரண்ட் அங்கே தாவாமல் தடுக்க வேண்டியது கண்டென்சர். சூட்டில் அது செயலிழந்ததும், பிளக்கில் வர வேண்டிய பொறி பலவீனமாகி, பாயின்ட்டும் கருகியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, புதுக் கண்டென்சரைப் பூட்டினார். அத்தோடு மிஸ்ஸிங் போயிற்று.

அவர் வாங்கியது கண்டென்சர் விலையும் அதைப் பூட்டிய கூலியும்தான். மதியம் முழுக்கக் கேட்டு, ஓட்டி, தொட்டுப் பார்த்ததற்கு ஒன்றும் கேட்கவில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாகத்துக்குப் பணம், யோசனைக்கு ஒன்றுமில்லை என்றால், யோசிக்காமல் பாகம் மாற்றுகிறவர்தான் பட்டறை நடத்தித் தாக்குப்பிடிப்பார். புது வண்டிகளுக்கும் இந்த யோசனை தேவைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி கட்டாயமான பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். கோளாறு என்றால் மீட்டரில் விளக்கு எரியும், கருவியை மாட்டினால் ஒரு எண் வரும். அந்த எண் எந்தப் பக்கம் தேடலாம் என்று சொல்லும். ஒயர் தேய்ந்ததா, கனெக்டரில் தண்ணீர் இறங்கியதா என்பதை ஒருவர் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை பட்டறைக்குப் போனால், கண்டுபிடிக்கிற கூலி எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். எந்தப் பாகமும் மாற்றாமல் சரிசெய்து கொடுத்தாலும் அதைக் குறைக்காமல் கொடுங்கள்.