பாதியில் நின்ற 'முடிவில்லாக் கதை'

ஜெர்மன் எழுத்தாளர் மிகாயேல் எண்டேயின் 'முடிவில்லாக் கதை' நாவல் 1979இல் வெளிவந்தது. 1984இல் வுல்ஃப்கேங் பீட்டர்சன் அதைப் படமாக்கினார். பறக்கும் டிராகன், சேற்றில் மூழ்கும் குதிரை, உலகையே விழுங்கும் சூன்யம் எல்லாம் திரையில் உண்டு. ஆனால் எண்டே கொதித்துப்போனார். தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். வழக்குப் போட்டுத் தோற்றார்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. படம் ஏறக்குறைய நாவலின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. கற்பனை உலகை மீட்ட சிறுவன் பாஸ்டியன், டிராகன் மீதேறி, தன்னைச் சீண்டிய பையன்களைத் துரத்துகிறான். சுபம்.

நாவலின் உயிரோ இரண்டாம் பாதியில். அங்கே பாஸ்டியன் விரும்பியதெல்லாம் நடக்கும். ஒவ்வொரு விருப்பத்துக்கும் விலை ஒரு நினைவு. குண்டுப் பையன் அழகனாகிறான். தான் குண்டாக இருந்ததே அவனுக்கு மறந்துபோகிறது. பேரரசனாகும் வெறியில் நண்பனையே வாளால் காயப்படுத்துகிறான். கடைசியில் தன் பெயர்கூட மிஞ்சவில்லை. காயம்பட்ட அதே நண்பன்தான் அவனுக்காகப் பேசி வீட்டுக்கு வழி திறக்கிறான்.

மனைவியை இழந்த துக்கத்தில் உறைந்துபோயிருந்த தந்தை, திரும்பி வந்த மகனின் கதையைக் கேட்டு அழுகிறார். படத்திலோ, ஆரம்பக் காட்சிக்குப் பிறகு அந்தத் தந்தை வருவதேயில்லை.