பொதியும் பயணமும்

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்ல விழைபவன் முதலில் ஆராய வேண்டியது இயந்திரத்தின் வலிமையை அன்று. பொதியை எங்கே, எவ்வாறு கட்டுவது என்பதையே. பின்சக்கர அச்சுக்கு அப்பால் பாரம் மிகுமாயின் முன்சக்கரம் இலேசாகி ஹாண்டில் தடுமாறும். ஆதலால் பாரம் தாழ்ந்தும், ஓட்டுபவனை அணுகியும், இருபுறமும் சமமாகவும் அமைதல் வேண்டும்.

மேல்நாட்டுப் பயணிகள் விரும்பும் அலுமினியப் பெட்டிகள் உறுதியானவை, பூட்டத்தக்கவை. ஆயினும் எனது 125 சி.சி. வண்டிக்கு அவை பெருஞ்சுமை. வண்டி சரிந்தால் காலை நசுக்கவும் கூடும். காலி வீதி நெரிசலில் அவற்றின் அகலமும் இடரே. ஆகவே பஞ்சிகாவத்தையில் இரும்புத் தாங்கியொன்றை வெல்டிங் செய்வித்து, கொட்டாஞ்சேனையில் படங்குத் துணியால் இரு பைகள் தைப்பித்தேன். சைலன்சரின் வெப்பம் தாக்காதிருக்க இடையே ஒரு தகடு பொருத்தினோம்.

பைகளைத் தாங்கியுடன் நிலையாகப் பிணைத்துவிடலாம் என்றார் தைத்தவர். அம்மம்மா உடன்படவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீட்டைவிட்டு அகதி முகாமுக்கும், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கும் சென்றவர் அவர்.

“ஒரு கையாலை தூக்கேலாத பை என்னத்துக்கு, மோனை?” என்றார்.

இப்பொழுது இரு பைகளும் வார்ப்பூட்டை நீக்கியதும் கையோடு வந்துவிடும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். உடை, டியூப், ஆயுதங்கள் ஒரு பையில். மற்றையதில் எதை வைப்பது என்று நாட்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவ்வாறு எண்ணிப்பார்க்க அம்மம்மாவுக்கு அன்று ஒரு மணிநேரமும் வாய்க்கவில்லை.